ஸ்லாட் ரிசீவரைத் தேவைக்கு மேல் தூக்கிப் பேசுகிறோமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஸ்லாட் ரிசீவரைப் பற்றிய இந்தச் சண்டை வராமல் போகாது. "ஆறு யார்டு ஓடிப் பந்தைப் பிடித்து விழுகிறான், அதற்கு இவ்வளவு புகழா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "மூன்றாவது டவுனில் அவன் இல்லாமல் உங்கள் அணி என்ன செய்யும்?" என்று இன்னொருவர் எகிறுவார். (டவுன் என்பது ஒரு முயற்சி. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு போக வேண்டும்.) இரண்டு பக்கமும் நின்று கத்தியவன் நான். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

முதலில், ஸ்லாட் என்றால் என்ன?

பந்து வைத்திருக்கும் கோட்டில் பருமனான ஐந்து லைன்மேன்கள் வரிசையாக நிற்பார்கள். ரிசீவர் என்றால் எறியும் பந்தைப் பிடிப்பவர். பக்கக்கோட்டை ஒட்டி, தன்னந்தனியாக ஓரத்து ரிசீவர் நிற்பார். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஸ்லாட். அதற்குள், கோட்டிலிருந்து ஓர் எட்டு பின்தள்ளி நிற்பவர் ஸ்லாட் ரிசீவர். அந்த ஓர் எட்டு முக்கியம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: மிகையா, இல்லையா?

அவர் பிடிக்கும் பந்துகளின் எண்ணிக்கைக்குத் தரும் மதிப்பு மிகை. அந்த இடத்தில் நின்று செய்யும் வேலைக்குத் தரும் மதிப்பு இன்னும் குறைவுதான்.

ஸ்லாட்டில் நிற்பது சுலபம் என்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. சில விஷயங்களில் சுலபம்தான். ஓரத்து ரிசீவர் பெரும்பாலும் கோட்டின் மேலேயே நிற்பார். எதிரில் அவரைக் காக்கும் எதிரணி ஆளான கார்னர்பேக் மூக்குக்கு நேராக வந்து நின்று, பந்து கிளம்பியதும் நெஞ்சில் கையை வைத்துத் தடுப்பார். பிரெஸ் என்று சொல்வது அதைத்தான். ஸ்லாட் ஆள் ஓர் எட்டு பின்னால் நிற்பதால் அந்த முதல் அடியிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுவார். பந்து கிளம்பும் முன்பே பக்கவாட்டில் ஓட ஆரம்பிக்கவும் அவருக்கு அனுமதி உண்டு. பக்கக்கோடு என்ற சுவரும் அவருக்கு இல்லை. இடமும் போகலாம், வலமும் போகலாம். சில சமயம் அவரைப் பிடிக்க வருபவர் கார்னர்பேக்கே இல்லை, நடுக்களத்தைக் காக்கும், அவரைவிட முப்பது கிலோ கனமான லைன்பேக்கர்.

விதிகளும் அவர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஐந்து யார்டு தாண்டியபின் ரிசீவரை இடித்துத் தடுக்கக்கூடாது என்ற விதி 1978-இல் வந்தது. 2004 முதல் நடுவர்கள் அதைக் கண்டிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்குமுன் நடுக்களத்தில் ஓடுவது ரயில்வே கேட்டை மூடும்போது குறுக்கே ஓடுவது மாதிரி.

ஆனால் இதையெல்லாம் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஓரத்தில் நிற்பவருக்கு எதிரி பெரும்பாலும் ஒரே ஆள். ஸ்லாட்டில் இருப்பவரைச் சுற்றி மூன்று நான்கு பேர்: எதிரே ஒருவர், உள்பக்கம் ஒரு லைன்பேக்கர், பின்னால் கடைசிக் காவலாக ஒரு சேஃப்டி. யார் எங்கே வருவார் என்று ஓடிக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

அப்படி என்ன பெரிய கணக்கு?

ஆப்ஷன் ரூட் என்று ஒன்று இருக்கிறது. ஸ்லாட் விளையாட்டின் உயிரே அதுதான். அதில் ரிசீவருக்கு எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு கிடையாது. ஐந்தாறு யார்டு நேராக ஓடுவார். எதிராளி உள்பக்கம் சாய்ந்திருந்தால் வெளியே உடைப்பார். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் உள்ளே. யாரும் தன்னைத் துரத்தவில்லை, ஆளாளுக்கு ஓர் இடத்தைத்தான் காக்கிறார்கள் என்று தெரிந்தால், இரண்டு பேருக்கு நடுவே கிடைக்கும் ஓட்டையில் சட்டென்று நின்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பிவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குவார்ட்டர்பேக்கும் அதே நொடியில் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்கும். ஒருவர் உள்ளே என்று நினைத்து மற்றவர் வெளியே என்று நினைத்தால், பந்து நேராக எதிரணியின் மடியில் போய் விழும். டிவியில் நமக்கு என்ன தெரிகிறது? குவார்ட்டர்பேக் யாருமில்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி தெரிகிறது. திட்டுகிறோம்.

எனக்கு ஸ்லாட் ஆட்டம் புரிந்ததே பந்தைப் பார்ப்பதை நிறுத்தி, ரிசீவரின் இடுப்புக்குக் கீழே மட்டும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான். ஐந்தாவது யார்டில் அடிகள் குட்டையாகும். ஒரு கால் வெளிப்பக்கமாக அழுந்தும், எதிராளியின் இடுப்பு அந்தப் பக்கம் அரை வட்டம் திரும்பும், உடனே இவர் மறுபக்கம் போயிருப்பார். இரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெஸ் வெல்கர் டாம் பிராடியால் ஆளானவர்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வெல்கர் ஸ்லாட் ரிசீவர், பிராடி அவருக்குப் பந்து எறிந்த குவார்ட்டர்பேக். வெல்கரை 2004 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில், யாரும் எடுக்கவில்லை. ஐந்தடி ஒன்பது அங்குலம். சார்ஜர்ஸ் அணி சேர்த்துக்கொண்டு ஒரே ஆட்டத்துக்குப் பிறகு கழற்றிவிட்டது. அங்கிருந்து மியாமி. 2007-இல் ஓர் இரண்டாம் சுற்று, ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் வாங்கியது. அங்கே ஆறு சீசன்களில் 672 பந்துகள் பிடித்தார். அதில் ஐந்து சீசன்களில் நூறுக்கு மேல். 2007, 2009, 2011 மூன்று முறை என்எஃப்எல் லீக்கிலேயே அதிகம் பிடித்தவர் அல்லது அந்த இடத்தைப் பகிர்ந்தவர்.

பிராடி இல்லாமல் இது நடந்திருக்குமா? சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வருடமே கிடைத்திருக்கிறது. 2008 சீசனின் முதல் ஆட்டத்தில், முதல் கால்பகுதியிலேயே பிராடியின் முழங்கால் போனது. கல்லூரியில்கூடத் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக ஆடாத மாட் காசல் மீதி சீசனை ஆடினார். வெல்கர் அந்த வருடம் பிடித்தவை 111, யார்டு 1,165. அதற்கு முந்தைய வருடம் பிராடியோடு 112, யார்டு 1,175. எறிந்த கை மாறியது, வெல்கரின் கணக்கு நகரவே இல்லை.

சரி, பிராடி இல்லையென்றால் அதே அணியின் ஓரத்து ரிசீவர் ராண்டி மாஸ், அவர் எதிரணியின் சேஃப்டிகளை ஆழத்துக்கு இழுத்துப்போனதால்தான் வெல்கருக்கு இடம் கிடைத்தது என்பார்கள். நானும் நம்பிய வாதம் இது. மாஸ் 2010 அக்டோபரில் அணியை விட்டுப் போனார். 2011-இல் வெல்கர் எடுத்தது 1,569 யார்டு, அவர் வாழ்க்கையிலேயே அதிகம். அந்த வருடம் டைட் எண்ட் (லைன்மேன் பக்கத்தில் நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) ராப் கிரான்கவ்ஸ்கி 17 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) பிடித்தார் என்பதால், உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மாஸ் போனதும் வெல்கர் கவிழ்ந்துவிடுவார் என்று சொன்னவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

வெல்கர் போனார், எடெல்மன் வந்தார், எண்ணிக்கை அப்படியே இருந்தது. அப்படியானால் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றுதானே அர்த்தம்?

மிகை என்று சொல்பவர்களிடம் உள்ள சிறந்த வாதம் இதுதான். 2009 சீசனின் கடைசி ஆட்டத்தில் ஹூஸ்டனில் வெல்கரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே ஆட்டத்தில் அறிமுக வருட வீரர் ஜூலியன் எடெல்மன் பத்துப் பந்து பிடித்து 103 யார்டு எடுத்தார். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர், ஏழாம் சுற்றில் 232-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். வெல்கர் 2013-இல் டென்வர் போனதும் எடெல்மன் 105 பந்து பிடித்தார். பார்த்தால் தொழிற்சாலை மாதிரித்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறோம். ஒன்று, வெல்கரின் இடத்துக்கு அணி பணம் கொடுத்து வாங்கிய ஆள் எடெல்மன் இல்லை. டேனி அமெண்டோலா. ஐந்து வருடத்துக்கு 3.1 கோடி டாலர் ஒப்பந்தம். நல்ல வீரர், பிளேஆஃபில் பெரிய பந்துகளைப் பிடித்தவர், ஆனால் வெல்கரின் கணக்கை அவரால் தொட முடியவில்லை. யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றால் அமெண்டோலாவே போதுமாக இருந்திருக்கும். இரண்டு, எடெல்மன் அந்த இடத்துக்கு வரும்முன் நான்கு வருடம் அதே குவார்ட்டர்பேக்கோடு பயிற்சி செய்தார். நேற்று வந்து இன்று நின்றவர் இல்லை.

சீசனுக்கு நூறு பந்து பிடிப்பது பெரிய விஷயம் இல்லையா?

எப்படிப் பிடித்தார் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஜார்விஸ் லாண்ட்ரியைப் பாருங்கள். 2017-இல் மியாமிக்காக 112 பந்து, லீக்கிலேயே முதலிடம். யார்டு 987. பந்துக்கு ஒன்பது யார்டுகூட இல்லை. அணி 16 ஆட்டத்தில் 10 தோற்றது. மூன்றாவது டவுனில் எட்டு யார்டு தேவைப்படும்போது ஐந்து யார்டில் பிடித்துவிட்டு விழுந்தால் புள்ளிவிவரத்தில் ஒரு எண் ஏறும், களத்தில் பந்தை எதிரணிக்கு உதைத்துத்தான் கொடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் தேவையான ரன்ரேட் பன்னிரண்டு இருக்கும்போது சிங்கிள் தட்டி ஐம்பது அடிப்பவரை நாம் என்ன சொல்வோமோ, அதுதான்.

லாண்ட்ரி மோசமான வீரர் என்று நான் சொல்லவில்லை. 2007 பேட்ரியாட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: வெல்கர் 112 பந்தில் 1,175 யார்டு, 8 டச்டவுன். மாஸ் 98 பந்தில் 1,493 யார்டு, 23 டச்டவுன். எதிரணிப் பயிற்சியாளருக்கு முந்தின இரவு தூக்கம் கெட்டது யாரால் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபேண்டஸி ஆட்டம் இதில் ஒரு காரணமா?

பெரிய காரணம். ரசிகர்கள் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி சேர்க்கும் அந்த ஆட்டத்தில், ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புள்ளி தரும் முறையில், இரண்டு யார்டு எடுத்தாலும் புள்ளி கிடைக்கிறது. நம் அபிப்பிராயம் அங்கே கெட ஆரம்பிக்கிறது.

டிவி?

அதுவும்தான். ஒளிபரப்பின் முக்கியக் கேமரா பந்தைச் சுற்றியே இருக்கும். ஸ்லாட் ஆள் செய்வது எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. ஓரத்து ரிசீவர் இருபது யார்டு ஓடி ஒரு சேஃப்டியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு திரையை விட்டே வெளியே போய்விடுவார். அவர் திறந்துவிட்ட வாசலில் ஸ்லாட் ஆள் நுழைந்து பிடிப்பது மட்டும் நமக்குத் தெரியும்.

குட்டையாக, வேகமாக ஓர் ஆள் கிடைத்தால் ஸ்லாட்டுக்குப் போதுமா?

அப்படி நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அணி ராம்ஸ். 2013 டிராஃப்டில் எட்டாவது ஆளாக டேவன் ஆஸ்டினை எடுத்தார்கள். ஐந்தடி எட்டு அங்குலம், பார்ப்பவர் வாயைப் பிளக்கும் வேகம். 2016-இல் நான்கு வருடத்துக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தமும் கொடுத்தார்கள். அவருடைய சிறந்த சீசனில் பந்து பிடித்து எடுத்தது 509 யார்டு. அடுத்த வருடம் 47. சீசன் முழுவதற்கும் நாற்பத்தேழு! 2018-இல் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்கு டல்லாஸுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதே ராம்ஸ் 2017-இல் மூன்றாம் சுற்றில், ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சிறிய கல்லூரியிலிருந்து, அவ்வளவு வேகம் இல்லாத ஒருவரை எடுத்தது. ஆறடி இரண்டு அங்குலம். பெயர் கூப்பர் கப்.

ஸ்லாட் என்றாலே குள்ளமான வெள்ளைக்கார உழைப்பாளி என்ற பிம்பம் ஏன்?

வெல்கர், எடெல்மன், அமெண்டோலா என்று ஒரே அணியில் தொடர்ந்து வந்ததால் ஒட்டிக்கொண்ட பிம்பம். வர்ணனையாளர்களும் இவர்களைப் பற்றிப் பேசும்போது "உழைப்பு", "மன உறுதி", "புத்திசாலி" என்பார்கள். கறுப்பின வீரர் அதே வேலையைச் செய்தால் "இயற்கையான திறமை" என்பார்கள். எரிச்சலாக இருக்கும். பேட்ரியாட்ஸிலேயே இவர்களுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் டிராய் பிரவுன், 2001-இல் 101 பந்து. விக்டர் குரூஸ் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். 2011-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காகப் பெரும்பாலும் ஸ்லாட்டில் நின்று 1,536 யார்டு எடுத்தார். சியாட்டிலின் டக் பால்ட்வினும் டிராஃப்டில் விலைபோகாதவர்தான். 2015-இல் 14 டச்டவுன். இவர்களையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும், உழைப்பும் புத்தியும் ஒரு நிறத்துக்கு எழுதிவைத்த சொத்து இல்லை.

வயதான ரிசீவர்கள் ஸ்லாட்டுக்குப் போவது, அது சுலபமான இடம் என்பதற்குச் சாட்சிதானே?

லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள். அரிசோனாவில் ஓரத்தில் ஆடி உச்சத்துக்குப் போனவர். 2014-இல் 63 பந்து, 784 யார்டு என்று இறங்கியிருந்தார், முடிந்தது என்றார்கள். ஸ்லாட்டில் நிலையாக நின்றபின் 109, 107, 109 என்று மூன்று சீசன். 2016-இல் 33 வயதில் லீக்கிலேயே முதலிடம்.

இது எனக்கும் கொஞ்சம் இடிக்கிற உதாரணம்தான். கால் வேகம் குறைந்தவருக்கு ஸ்லாட் இடம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அவர் அங்கே கொண்டுபோனது பத்து வருடப் படிப்பு. கூடவே, ஓட்ட ஆட்டத்தில் லைன்பேக்கர்களைத் தடுத்து நிறுத்தும் உடம்பு. நாற்பது யார்டு நேராக ஓடத் தெரிந்த இருபத்திரண்டு வயதுப் பையனை அதே இடத்தில் நிறுத்தினால் இது வராது, ஆஸ்டினைப் பார்த்தோம்.

லீக் ஸ்லாட் ஆட்களுக்குப் பணம் கொடுக்கிறதா?

ரொம்ப நாள் கொடுக்கவில்லை. மூன்று முறை லீக்கில் அதிகம் பிடித்தவர் என்ற பட்டத்தோடு வெல்கர் 2013-இல் டென்வர் போனது இரண்டு வருடத்துக்கு 1.2 கோடி டாலருக்கு. 2014-இல் ஒரு விநோதமான வழக்கு நடந்தது. நியூ ஆர்லியன்ஸின் ஜிம்மி கிரஹாம், தான் 67 சதவீத ஸ்னாப்களில் (பந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) ஸ்லாட்டிலோ ஓரத்திலோதான் நின்றேன், அதனால் என்னை டைட் எண்டாக இல்லாமல் ரிசீவராகக் கணக்கிட வேண்டும் என்று முறையிட்டார். ரிசீவர் என்றால் அந்த வருடச் சம்பளம் சுமார் 1.23 கோடி டாலர். டைட் எண்ட் என்றால் சுமார் 70 லட்சம். வழக்கை விசாரித்த நடுவர் டைட் எண்ட் என்றே தீர்ப்புச் சொன்னார். லைன்மேனுக்குப் பக்கத்து ஸ்லாட்டில் நிற்பது டைட் எண்டின் வேலைக்குள்ளேயே வருகிறதாம். நிற்கிற இடத்துக்கு விலை கிடையாது, பெயர்ப்பலகைக்குத்தான் விலை என்று சொன்ன மாதிரி.

இப்போது காற்று மாறிவிட்டது. 2022-இல் கிறிஸ்டியன் கர்க்குக்கு ஜாக்சன்வில் நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தபோது லீக்கே சிரித்தது. அவர் அந்த வருடமே 1,108 யார்டு எடுத்தார். 2024-இல் டெட்ராய்ட்டின் அமான்-ரா செயின்ட் பிரவுனுக்கு நான்கு வருடத்துக்கு 12 கோடி. டிராஃப்டில் நான்காம் சுற்றில் போனவர். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

எதிரணிகள் என்ன நினைக்கின்றன?

அவர்கள் யாரை இறக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு காலத்தில் ஸ்லாட்டைக் காக்கும் மூன்றாவது கார்னர்பேக் என்பவர் பெஞ்சில் இருந்து அவ்வப்போது வருபவர். இப்போது அணிகள் பாதிக்கும் மேற்பட்ட ஸ்னாப்களில் மூன்று ரிசீவர்களை வைத்து ஆடுவதால், எதிரணி ஒரு லைன்பேக்கரை உட்காரவைத்துவிட்டு அந்தக் கார்னரைத் தொடக்கத்திலிருந்தே ஆடவிடுகிறது. கான்சாஸ் சிட்டியின் ட்ரென்ட் மெக்டஃபி 2023-இல் பெரும்பகுதி ஸ்லாட்டில் ஆடியே, வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இடம் பிடித்தார். காவலுக்கு இவ்வளவு நல்ல ஆளை வைக்கிறார்கள் என்றால் வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது.

கூப்பர் கப் ஸ்லாட் ரிசீவரா?

ஸ்லாட்டில் அதிகம் நிற்கும் ரிசீவர். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 2021-இல் அவர் 145 பந்து, 1,947 யார்டு, 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம். ஆனால் ஓரத்திலும் நிறுத்தலாம், கையில் பந்தைக் கொடுத்து ஓடவும் விடலாம்.

அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில், இந்தியாவில் திங்கள் காலை நேரம், சின்சினாட்டி 20-16 என்று முன்னணியில். ராம்ஸுக்கு 79 யார்டு போக வேண்டும். இன்னொரு ரிசீவர் ராபர்ட் வுட்ஸ் முன்பே காயம், ஓடெல் பெக்கம் அன்றைக்கே இரண்டாவது கால்பகுதியில் காயம். பந்து கப்புக்குத்தான் வரும் என்று மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவை. கப் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள், ஏழு யார்டு. பிறகு திரும்பத் திரும்ப அவருக்கே எறிந்து, ஒரு நிமிடம் 25 நொடி மிச்சம் இருக்கையில் டச்டவுன். ஆட்டநாயகன் விருதும் அவருக்கே. மற்றவர் இடம் திறந்துவிட்டால்தான் ஸ்லாட் ஆள் பிடிப்பார் என்பவர்களிடம் நான் இந்த ஒரு தொடரைத்தான் காட்டுவேன்.

கடைசியாக: ஹால் ஆஃப் ஃபேம் யாருக்கு? வெல்கருக்கா, எடெல்மனுக்கா?

எடெல்மன் ஒரு சூப்பர் பௌலின் ஆட்டநாயகன். ராம்ஸுக்கு எதிராக 10 பந்து, 141 யார்டு. அட்லாண்டாவுக்கு எதிராக மூன்று பேரின் நடுவே, தரைக்குச் சில அங்குலம் மேலே அவர் அள்ளிய பந்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிளேஆஃபில் 118 பந்து. ஆனால் சாதாரண சீசன்களில் மொத்தம் 620, நட்சத்திர வீரர்களுக்கான புரோ பௌலுக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை.

வெல்கருக்கு 903 பந்து, ஆனால் சூப்பர் பௌல் வென்றவர்கள் அணியும் மோதிரம் இல்லை. 2012 பிப்ரவரியில் அது கையருகே வந்தது. பேட்ரியாட்ஸ் 17-15 என்று முன்னணி, சுமார் நான்கு நிமிடம் மிச்சம். நடுவில் தனியாக வெல்கர். பிராடி எறிந்த பந்து கொஞ்சம் பின்தங்கி வந்தது. வெல்கர் காற்றில் உடம்பைத் திருப்பினார், இரண்டு கையும் பந்தில் பட்டது, நழுவியது. ஜயன்ட்ஸ் அடுத்த வாய்ப்பில் முன்னேறி 21-17 என்று ஜெயித்தது. அது யார் தப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. எறி சரியில்லை என்பது என் கட்சி.

ஓட்டு என்னிடம் இருந்தால் வெல்கருக்குத்தான். அந்தப் பந்தையும் சேர்த்தே சொல்கிறேன்.